பெயரை மட்டும் நான் சொல்லவில்லை

அன்பானவர்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் தங்களுக்கு வந்த துன்பத்தைச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது என் வாயால் இன்னொருத்திக்கு வந்த துன்பத்தை. அதிலிருந்து ஆண்டவர் அவளையும் என்னையும் எப்படித் தூக்கியெடுத்தார் என்பதையும் சொல்கிறேன்.

சாவகச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் சிறிய சபை இருக்கிறது. வியாழக்கிழமை பின்னேரங்களில் பெண்களுக்கான வேதபாடத்தைப் பல வருடங்களாக நான்தான் நடத்துகிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால் எல்லோருக்கும் நான் ரீச்சர். வாய் கொஞ்சம் நீளம், கோபமும் அப்படித்தான். "உமக்கு மைக் தேவையில்லை" என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

எங்கள் வகுப்புக்கு வருகிறவர்களில் சுகந்தியும் ஒருத்தி. சைவக் குடும்பத்தில் பிறந்து, தோட்டம் செய்கிற சைவக் குடும்பத்திலேயே கலியாணம் செய்தவள். ஆறு வருடங்களுக்கு முன் தனியாக எங்கள் சபைக்கு வரத் தொடங்கினாள். கணவர் தடுக்கவில்லை. ஆனால் அவருடைய தமக்கை பரமேஸ் அன்றோடு சுகந்தியுடன் முகம் கொடுத்துக் கதைப்பதை விட்டுவிட்டா.

போன வருடம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுகந்தி என் வீட்டுக்கு வந்தாள். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ரீச்சர், மார்பிலை ஒரு கட்டி. பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி குத்திச் சோதிக்கச் சொல்லியிருக்கினம். இவருக்கும் இன்னும் சொல்லேல்லை. நீங்கள் ஜெபியுங்கோ. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"ஓம் பிள்ளை, சொல்லமாட்டன்" என்றேன். கையைக் கழுவிவிட்டு அவள் கையைப் பிடித்து ஜெபித்தேன். சொல்லமாட்டேன் என்று அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

இரண்டு நாள்தான். வியாழக்கிழமை பாடம் முடிந்து ஜெப விண்ணப்பங்கள் கேட்கிற நேரம் வந்தது. ஒருத்திக்கு மகனின் விசா, ஒருத்திக்கு மாமியாரின் சலரோகம். சுகந்தி அன்றைக்கு வரவில்லை. நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "எங்கடை சகோதரி ஒருத்தி. பெயர் சொல்லேல்லை. மார்பிலை கட்டியாம். வீட்டிலை விசுவாசியள் ஒருத்தரும் இல்லை, புருசனுக்கும் தெரியாது. பாரமெடுத்து ஜெபியுங்கோ."

பதினான்கு பெண்கள் வருகிற வகுப்பு. வீட்டில் விசுவாசிகள் இல்லாமல் தனியாக வருகிறவள் ஒருத்திதான். பெயர் சொல்லாமல் விட்டு என்ன பிரயோசனம்? இன்னும் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அவள்மேல் இருந்த பாரத்தால் மட்டும் நான் அதைச் சொல்லவில்லை. அவள் வேறு ஒருவரிடமும் போகாமல் என்னிடம்தான் வந்தாள் என்ற பெருமையும் எனக்குள் இருந்தது.

சனிக்கிழமை சந்தையில் சுகந்தியின் கணவரைக் கண்ட ஒருத்தி, அவருக்குத் தெரியாது என்று நான் சொன்னதை மறந்து, "மனுசிக்கு இப்ப எப்பிடி? நாங்கள் எல்லாரும் ஜெபிக்கிறம்" என்று கேட்டிருக்கிறாள். மனுசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் சுகந்தி அழுதுகொண்டு சொல்லியிருக்கிறாள். ஒரு சபைக்கே தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று அவர் உடைந்துபோனார். சொந்தக்காரர்களுக்கும் கதை போனது. கோயிலை விட்டுப் போனதால் வந்த வினை என்றார்கள்.

சுகந்தி வாசல் படலையைப் பூட்டினாள். ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஊசி குத்திச் சோதிக்கிற நாளும் வந்தது. அவள் போகவில்லை. ஊரெல்லாம் தன் உடம்பைப் பற்றிக் கதைக்கிறது, இனி ஓரிடமும் வரமாட்டேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டாளாம்.

மன்னிப்புக் கேட்க நான் மூன்று முறை போனேன். இரண்டு முறை நாய்தான் குரைத்தது. மூன்றாம் முறை படலையடிக்கு வந்தாள். திறக்கவில்லை.

"ரீச்சர், நான் உங்களிட்டைச் சொன்னது கடவுளிட்டைச் சொல்லுறதுக்கு. ஊருக்குச் சொல்லுறதுக்கில்லை."

திரும்பி உள்ளே போய்விட்டாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்தேன். ஐயோ ஆண்டவரே, இவள் செத்துப்போனால் நான்தானே கொன்றவள்!

நாவை அடக்குவதைப் பற்றி எத்தனை பாடம் எடுத்திருப்பேன்! குறிப்பெழுதிய கொப்பிகளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. உபவாசம் இருந்தேன். ஒரே ஜெபம்தான்: "ஆண்டவரே, அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். என்னை அவள் மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை." இரண்டாவது பகுதி முதலில் பொய்தான். சொல்லிச் சொல்லித்தான் அது உண்மையாகியது.

போதகரிடம் போய் அழுதேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரீச்சர், சபைப் பெண்களுக்கு முன்னாலை சொன்னீங்கள். மன்னிப்பை மட்டும் படலையடியிலை கேட்டாப் போதுமோ?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! என்னைவிட இருபது வயது இளையவர், எனக்குப் புத்தி சொல்கிறாரா என்று விறுவிறு என்று எழும்பி வந்துவிட்டேன். இரண்டு நாள் பொருமினேன். மூன்றாம் நாள், அவர் சொன்னதில் என்ன பிழை என்று யோசித்தேன். ஒரு பிழையும் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை வேதாகமத்தைத் திறக்காமல் எழும்பி நின்றேன். "நான் ஜெபம் எண்டு சொல்லிக் கோள் மூட்டினனான். ஒரு பிள்ளை என்னை நம்பிச் சொன்னதை வித்துப்போட்டன். என்னை மன்னியுங்கோ" என்றேன். பின் கதிரையில் இருந்த ஒருத்தி விம்மினாள். "சந்தையிலை அவரைக் கேட்டது நான்தான் ரீச்சர்." எல்லோரும் முழங்காலில் நின்றோம். எங்கள் பெண்கள் சத்தமில்லாமல் ஜெபித்தது அதுதான் முதல்தடவை.

ஆண்டவர் எங்கள் ஜெபத்தைக் கேட்டார். விம்மிய பெண் அன்றைக்கே தோட்டத்துக்குப் போய்ச் சுகந்தியின் கணவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவர் மனம் இளகி, நேரே தமக்கை வீட்டுக்குப் போய், மனைவி சோதனைக்குப் போக மறுக்கிறாள் என்று சொல்லி அழுதிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை என் வாசலில் பரமேஸ் நின்றா. நெற்றி நிறையத் திருநீறு. சரி, இன்றைக்கு எனக்கு நல்ல ஏச்சு இருக்கிறது என்று நினைத்தேன்.

"ரீச்சர் நீங்கள்தானே? வெளிக்கிடுங்கோ. நான் ஆறு வருசம் அவளோடை கதைக்கேல்லை, எந்த முகத்தோடை தனியப் போறது? கோவம் வேறை, உது உயிர். எனக்கும் முந்திக் கர்ப்பப்பையிலை கட்டி வந்தது. ஆருக்கும் சொல்லாமல் தனிய பஸ் ஏறிப் போய் வந்தனான். அந்தப் பயம் எனக்குத் தெரியும்."

இருவரும் போனோம். "சுகந்தி, படலையைத் திற. மச்சாள் வந்திருக்கிறன்" என்று பரமேஸ் கூப்பிட்டா. பூட்டுத் திறந்தது. சுகந்தி அவவின் தோளில் விழுந்து சிறுபிள்ளை போல அழுதாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மச்சாளோடை போறன். நீங்கள் வரவேண்டாம் ரீச்சர்."

திங்கட்கிழமை காலை நான் றோட்டுக்கு மறுகரையில் நின்று பார்த்தேன். இருவரும் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினார்கள். பரமேஸ் அவளை யன்னல் பக்கம் இருத்தினா. பஸ் போய்விட்டது. அவள் போகவேண்டும் என்றுதான் கேட்டேன், என்னோடு போகவேண்டும் என்று கேட்கவில்லையே! கேட்டதை ஆண்டவர் தந்துவிட்டார். ஆனாலும் நெஞ்சு வலித்தது. அழுதழுது ஸ்தோத்திரம் சொன்னேன்.

புற்றுநோய்தான். ஆனால் தொடக்கம். இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னாராம். ஒப்பறேசன் நடந்தது. மருந்தேற்றியதில் தலைமயிர் கொட்டியது. அந்த மாதங்களில் சமைத்ததும் துவைத்ததும் பரமேஸ்தான். இன்றைக்குச் சுகந்தி சுகமாக இருக்கிறாள்.

"நீங்கள் வாய் தவறினபடியாலைதானே மச்சாள் வந்தவ, எல்லாம் நன்மைக்குத்தான்" என்று ஒருத்தி என்னைத் தேற்றப் பார்த்தாள். எரிந்து விழுந்தேன். ஆண்டவர் செய்த நன்மையில் என் நாக்குக்குப் பங்கு கொடுக்கவேண்டாம் என்றேன்.

இப்போது வகுப்பில் ஒருவருடைய காரியத்தைச் சொல்ல முதல், "சொல்லலாமோ எண்டு கேட்டனீங்களோ?" என்று நாங்கள் விசாரிக்கிறோம். எனக்கும் அதே சட்டம்தான்.

சுகந்தி ஞாயிறு ஆராதனைக்குத் திரும்பி வந்தாள். என்னைக் கண்டால் சிரிப்பாள், ஆனால் நின்று கதைக்கமாட்டாள். போன மாதம்தான் முதன்முறையாக வியாழக்கிழமை வகுப்புக்கு வந்தாள். விண்ணப்ப நேரத்தில் எழும்பினாள்.

"என்ரை மச்சாளுக்கு வாற கிழமை முழங்காலிலை ஒப்பறேசன். அவவே ஜெபிக்கச் சொன்னவ." என்னை நேரே பார்த்தாள். "இஞ்சை சொல்லலாமோ எண்டு அவவிட்டைக் கேட்டுட்டுத்தான் சொல்லுறன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

"நீங்கள் ஜெபியுங்கோ ரீச்சர்" என்றாள் சுகந்தி.

அன்பானவர்களே, உங்கள் பிழையால் ஒரு காரியம் கெட்டுப்போய்விட்டது என்று மனம் உடைந்திருக்கிறீர்களா? என் ஆண்டவரிடம் வாருங்கள். பிழையை ஒளிக்காமல் கொண்டுவாருங்கள், அவர் தள்ளமாட்டார். உங்களை நம்பி ஒருவர் தன் நோவைச் சொன்னால், அதை ஆண்டவரிடம் மட்டும் சொல்லுங்கள். அவருக்கு நன்றாகக் காது கேட்கும்.