தோழி சொன்னதை நான் சொல்லவில்லை

மூன்று வருடங்களுக்கு முன், இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் அப்போது கொழும்பில் பல்கலைக்கழக இறுதி வருடம். பிரதான பாடம் முகாமைத்துவம் என்ற நிர்வாகவியல். துணைப்பாடமாக உலக மொழிகளும் பண்பாடுகளும் எடுத்திருந்தேன், அதில் பிரெஞ்சு. "பிரெஞ்சு படிச்சு யாருகிட்ட பேசப் போற?" என்று எங்கள் லயத்து வீடுகளில் கேட்காத ஆள் இல்லை. கேட்கக் கேட்க எனக்கு வீம்புதான் கூடியது. பேசிக் காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அதற்கு வாய்ப்பும் வந்தது. வெளிநாட்டுக் குழு ஒன்றுக்கு ஒரு நாள் மொழிபெயர்ப்பதுதான் அந்தப் பாடத்தின் கடைசிப் பரீட்சை. பிரான்ஸிலிருந்து வந்த நான்கு ஆசிரியைகளை எங்கள் தோட்டத்துக்கே அழைத்துப் போகிறேன் என்று விரிவுரையாளரிடம் நானே கேட்டு வாங்கினேன். ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன! புள்ளி போடுவதற்காக அவரும் கூடவே வந்தார். சிங்களவர். பிரெஞ்சு நன்றாகத் தெரியும், தமிழ் தெரியாது.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில், பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த தோழியும் ஒருத்தி. பதினொராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தவள். அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. என்னைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். வேலை எப்படி இருக்கிறது என்று ஆசிரியைகளில் ஒருவர் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அவள் யோசிக்கவே இல்லை.

"மலையில கக்கூஸ் இல்லங்க. அதுக்குப் பயந்து காலையிலருந்து வேலை முடியிற வரைக்கும் நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல. போன மாசம் நீர்க்கடுப்பு வந்து மூணு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன், வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. நாலடி தள்ளி, வேலையை மேற்பார்க்கும் கங்காணி வேறு நின்றுகொண்டிருந்தார். வந்தவர்கள் முன்னால் என் ஊரின் மானம் போகிறதே என்று பட்டது. சட்டென்று, "வேலை கஷ்டம்தான், ஆனால் இந்தக் காற்றும் தண்ணீரும் பழகிவிட்டன என்கிறாள்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். நான்கு பேரும் சிரித்துத் தலையாட்டினார்கள். ஒருவர் கேமராவைக்கூட எடுத்தார். விரிவுரையாளர் திருப்தியாக ஏதோ குறித்துக்கொண்டார். அந்த இடத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். யாரிடம் பிடிபடப் போகிறேன்?

தோழியிடம் பிடிபட்டேன். அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரியில கெடந்தேன்னு சொன்னேன். அதுக்கு ஏன்டி சிரிக்கிறாங்க?"

வார்த்தை தெரியவில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்பதை முதல் வாரத்திலேயே படித்திருந்தேன். "கோவிச்சுக்காத, நான் வேற மாதிரி சொல்லிட்டேன்" என்றேன். அவள் கோபிக்கவும் இல்லை, கூடையை எடுக்கவும் இல்லை.

"அப்ப சரியாச் சொல்லு. நான் நிக்கிறேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் விரிவுரையாளரைப் பார்த்து, சற்று முன் சொன்னதை நான் வேண்டுமென்றே மாற்றினேன் என்று முதலில் பிரெஞ்சில் ஒப்புக்கொண்டேன். பிறகு கழிப்பறை, தண்ணீர், ஆஸ்பத்திரி, வயிற்றுப் பிள்ளை என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். கங்காணி இருமினார்; நான் நிறுத்தவில்லை. கேமரா கீழே இறங்கியது. கேள்வி கேட்ட ஆசிரியை தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். "நல்லாருக்குங்க" என்று அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

பரீட்சையில் புள்ளி குறைந்தது. குறையத்தான் வேண்டும். மலையில் கழிப்பறை இன்னும் வரவில்லை. அவளும் விடுவதாக இல்லை. அவள் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லையும் மெழுகாமல், நிர்வாகத்துக்கு நான் கடிதம் எழுதிக்கொடுக்கிறேன். இன்று மொழிபெயர்ப்புதான் என் தொழில். யாருடைய கஷ்டத்தைச் சொன்னாலும், சொல்லி முடித்ததும் கேட்டவரின் முகத்தைப் பார்க்கிறேன். அதில் சிரிப்பு இருந்தால் தப்பு என்னுடையது என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன்.