நாங்கள் இரண்டு பேர்தான்

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையை, அந்தக் குறுகிய தெருவை, இடித்து அரசாங்கம் மாடி கட்டுவதா வேண்டாமா என்று எத்தனை கூட்டம் நடந்தது என்பது எனக்கு இப்போது ஞாபகமில்லை. எல்லாம் ஒரே கூட்டம் மாதிரித்தான் இருந்தன. பக்கத்துப் பாடசாலை மண்டபம், வெள்ளை பிளாஸ்டிக் கதிரைகள், சத்தம் மட்டும் போடுகிற மின்விசிறி, ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். நகர அபிவிருத்திக் கந்தோரிலிருந்து வருகிற அதிகாரி சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி வருவார். அதற்குள் நாங்கள் எங்களுக்குள்ளேயே சண்டை பிடித்துக் களைத்திருப்போம். அவர் வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவோம்.

ஒழுங்கை முகப்பில் சில்லறைக் கடை வைத்திருந்தவர் இடிக்கச் சொல்கிற கட்சி. மலைநாட்டிலிருந்து வந்து முப்பது வருடமாக அங்கே வியாபாரம் செய்தவர். "ஆறு மணிக்கு மேல ஈ காக்கா வருதா இந்தத் தெருவுக்கு? பேக்கரி மூடியாச்சு, சலூன் மூடியாச்சு, சாப்பாட்டுக் கடையும் மூடியாச்சு. மாடி கட்டுனா ஆள் வரும்" என்பார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அயலவர் உடனே எழும்புவார். "வாற ஆள் உங்கட கடையிலயோ அரிசி வாங்கும்? மாடிக்குக் கீழேயே பெரிய கடை போடுவான். நீங்க பூட்டைத் தொங்கவிட்டுட்டு போக வேண்டியதுதான்."

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். அதனால்தான் எனக்கு அலுப்பு வந்தது. பழைய ஒழுங்கை அருமை பெருமை என்று பேசியவர்களில் பாதிப் பேர் மழைக்கு எங்கள் சாக்கடைக் கான் நிரம்பி வீட்டுக்குள் வருகிற நாளில் வெள்ளவத்தையில் மகள் வீட்டில் இருப்பார்கள். புதிய மாடியைப் புகழ்ந்தவர்கள் கொம்பனித்தெருவில் கட்டியதைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள்.

நான் இதிலெல்லாம் வாய் கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கப்பல் கந்தோர் ஒன்றில் இருபத்தைந்து வருடம் எழுதுவினைஞராக இருந்தவளுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. அதிகாரி சொல்வதைத் தமிழில் சொல்லவும், சனங்கள் கேட்பதைச் சிங்களத்தில் திருப்பவும் என்னைத்தான் முன்வரிசையில் இருத்தினார்கள். அதிகாரி திரையில் ஒரு படம் காட்டினார். கண்ணாடி மாடி, கீழே மரங்கள், புல் தரையில் நடக்கிற மெலிந்த மனிதர்கள். "இதில ஒருத்தரும் காஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு போகேல்லையே, இது எங்கட ஆக்கள் இல்லை" என்று நான் சிங்களத்திலும் தமிழிலும் சொன்னேன். மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அன்றைக்கு எனக்கு என் வாயைப் பற்றி நல்ல பெருமை இருந்தது.

அந்த வாய்தான் வீட்டில் வேறொரு வேலை பார்த்து வைத்திருந்தது.

எங்கள் வீட்டில் முன்பக்கம் நானும் என் கணவரும். முற்றத்தைக் கடந்தால் பின் அறை. அதில் என் தம்பியும் அவன் மனைவியும். தனிக் குசினி, தனிக் கதவு, தனி உலை. வடக்கில் சண்டை நடந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பையோடு வந்தவன் அப்படியே தங்கி, கலியாணமும் முடித்து, புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். அந்த அறையின் கூரைத் தகரத்தை மூன்று முறை மாற்றியது அவன்தான். அது அவனுடைய வீடு. யாருக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை.

அவன் வந்த காலத்தில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வடக்கிலிருந்து வந்த இளம் ஆண் என்று எழுதினால் அன்றிரவே விசாரணை. ஆகவே எழுதவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டால் நான் முதலில் செய்வது வாசலில் கிடக்கிற அவனுடைய செருப்பை எடுப்பது. செருப்பை எண்ணித்தான் ஆளை எண்ணுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விடுவான். பிறகு நான் கதவைத் திறந்து, "நாங்கள் இரண்டு பேர்தான். பின்னால இருக்கிறது பழைய சாமான் போடுற அறை" என்பேன். எத்தனை முறை சொன்னேனோ. நாளடைவில் நடுக்கமே இல்லாமல் சொல்லப் பழகிவிட்டேன்.

சண்டை முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் எங்கள் சனங்களிடம் அட்டையும் பேனையுமாக ஒருவர் வந்து ஆள் கணக்குக் கேட்டால் நாக்கு தன்பாட்டில் ஒன்றிரண்டைக் குறைத்துத்தான் சொல்லும். நான் மட்டுமல்ல, கேட்டுப் பாருங்கள்.

ஒழுங்கையில் குடும்பங்களைப் பதிய அதிகாரியின் கந்தோரிலிருந்து இரண்டு பெண்கள் வந்தது ஒரு வேலைநாள் காலையில். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் அட்டை, கழுத்தில் அடையாள அட்டை, பொறுமையில்லாத முகம். "அக்கே, மெஹே கீ தெனெக் இன்னவாத?" எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். நான் மீன் கையோடு கதவை மறித்து நின்று சொன்னேன், இரண்டு பேர்தான். மற்றவள் முற்றத்தை எட்டிப் பார்த்து, பின்னால் என்ன என்றாள். பழைய சாமான் போடுகிற அறை என்றேன். கொடியில் தம்பியின் சேர்ட் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், எழுதினாள், எங்கள் முன்கதவில் ஒரு எண்ணை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பின் கதவில் ஒன்றும் ஒட்டவில்லை. நான் திரும்பிப் போய் மீதி மீனைக் கழுவினேன். ஏதோ தப்பித்துக்கொண்ட நிம்மதிகூட இருந்தது.

அடுத்த கூட்டத்தில் அதிகாரி சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். ஒழுங்கை இடிக்கப்படுவது முடிவாகிவிட்டது. ஒட்டிய எண் ஒன்றுக்கு மட்டக்குளியில் மாடி வீடு ஒன்று. எண் இல்லாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. கடைசி வசனத்தைச் சிங்களத்தில் கேட்டுவிட்டேன், தமிழில் சொல்ல வாய் வரவில்லை. மண்டபம் காத்துக்கொண்டிருந்தது. தம்பி பின்வரிசையில் இருந்தான். அவனுக்கும் சிங்களம் தெரியும்.

ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் அந்த விலாசத்தில் குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து பழைய பைல்களை எல்லாம் கொட்டினேன். லைட் பில் என் கணவர் பெயரில். தம்பியின் வாக்காளர் பதிவு இன்னும் யாழ்ப்பாணத்தில். கடைசியில் பொலிசுக்குக் கொடுத்த படிவங்களின் பிரதிகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் என் அழகான கையெழுத்தில் இரண்டே பெயர்கள். இத்தனை வருடம் இந்த வீட்டில் இருந்தவனை ஒரு துண்டுக் கடதாசியிலாவது நான் எழுதி வைக்கவில்லை.

தம்பி மனைவி வாசலில் நின்று நான் கடதாசி கிளறுவதைப் பார்த்தாள். அவள் குரல் உயர்த்திக் கதைக்கிறவள் இல்லை.

"நாங்கள் பழைய சாமானோ, மச்சாள்?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, ஆனால் அவள் மேல்தான் விழுந்தது. "நான் சொல்லாமல் விட்டபடியால்தான் உன்ர மனுசன் உயிரோட இருக்கிறான்" என்று கத்தினேன். தம்பி என் கையிலிருந்த படிவங்களை வாங்கி ஒழுங்காக அடுக்கிப் பைலுக்குள் வைத்தான்.

"அது உண்மைதான் அக்கா. விடுங்கோ. அப்ப நீங்கள் சொன்னது சரி, இப்ப சொன்னது பிழை. ஒரே கதைதானே, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஆட்சேபக் கடிதம் நான்தான் எழுதினேன். கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன். எல்லாரும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஒருவர் நான் முன்பு சொன்ன பதிலை எனக்கே வாசித்துக் காட்டினார். "அக்கே, இது நீங்களே சொன்னதுதானே" என்றார். ஓம், நான்தான் சொன்னேன். கூட்டங்களில் அவ்வளவு கதைத்த நான் எடுபடாத கடிதத்தை மடித்துக்கொண்டு எழும்பி வந்தேன்.

ஒழுங்கை போய்விட்டது. சில்லறைக் கடைக்காரர் மகனோடு ஹட்டனுக்குப் போய்விட்டார். மாடி கட்டினால் வரும் என்று அவர் சொன்ன ஆள் இன்னும் வரவில்லை, இடித்த இடத்தைச் சுற்றித் தகர வேலிதான் நிற்கிறது. நாங்கள் மட்டக்குளியில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறோம். லிப்ட் வேலை செய்கிற நாளில் நல்ல வீடுதான். தம்பி ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறான். எங்களோடு வந்திருக்கச் சொன்னேன். இரண்டு அறை வீட்டில் நான்கு பேர் எப்படி, அதுவும் தன் மனைவி என் முகம் பார்க்காத நேரத்தில் எப்படி என்று அவன் கேட்கவில்லை, சிரித்தான். அவள் ஒருநாளும் வந்ததில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவான்.

போன மாதம் ஒரு ஞாயிறு அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கதவு தட்டினார்கள். வெளியே சிங்களத்தில் பேச்சுக் கேட்டது. நான் குசினியில் கை கழுவித் துடைத்துக்கொண்டு வருவதற்குள், தம்பி எழும்பியிருந்தான். ஒரு கையில் சாப்பாட்டுக் கோப்பை. கதவுக்குப் பக்கத்தில் கழற்றி வைத்த செருப்பை மற்றக் கையில் எடுத்தான். உள்ளறைக்குப் போனான். தலை நரைத்த மனிசன். என் கணவர் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தேன். மாடி நிர்வாகத்திலிருந்து ஒருவர், கையில் அட்டை. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று பதிகிறார்களாம்.

"இரண்டு பேர்தான்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். இந்த முறை நான் பொய் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளறைக்குப் போனேன். தம்பி கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் செருப்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"போயிட்டினமோ, அக்கா?" என்று கேட்டான்.