அத்தைக்குச் சொந்தக் குரல்

பத்மஜா பதினைந்து வருஷமாகத் தெலுங்கு சீரியல்களில் அத்தை. கதாநாயகிக்கு அத்தை, கதாநாயகனுக்கு அத்தை, ஒரு முறை தன்னைவிட வயதில் மூத்தவருக்கும் அத்தை. மாடிப்படி ஓரமாக நின்று முறைக்க வேண்டும், பட்டுப்புடவையோடு சமையலறைக்குள் நுழைந்து பாலில் எதையாவது கலக்க வேண்டும். ஏ.எஸ்.ராவ் நகர் காய்கறிக் கடைக்காரர் தக்காளியை நிறுத்தபடியே, "அந்தப் பொண்ணைக் கொஞ்சம் நிம்மதியா விடுங்கம்மா" என்று தெலுங்கில் கெஞ்சுவார். முகம் அவ்வளவு பிரபலம். குரலைத்தான் திரையில் ஒருத்தரும் கேட்டதில்லை.

பிறந்து வளர்ந்தது ஹைதராபாத் என்றாலும் வீட்டில் திருநெல்வேலித் தமிழ்தான். அது அவள் தெலுங்கிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. முதல் சீரியலிலேயே டைரக்டர் முகத்தைச் சுளித்து, டப்பிங்குக்கு வேறொருத்தியைக் கூப்பிட்டார். அன்று போனது போனதுதான். பிறகு அதே சீரியலைத் தமிழில் போட்டபோது சென்னையில் இன்னொருத்தி பேசினாள். தமிழச்சிக்குத் தமிழ் பேசவும் ஆள் வைத்தார்கள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

இதைவிடப் பெரிய எரிச்சல் வீட்டில் இருந்தது. அப்பா குணசேகரன் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் நடிக்கப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. சாயங்காலம் அவள் சீரியலை விடாமல் பார்ப்பார். ஆனால் திரையில் அவள் வந்ததும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்திவிடுவார். அவள் போனதும் மறுபடி வைப்பார். மகள் ஊரறியக் கண்ணை உருட்டுவது அவருக்கு அவமானம் என்று பத்மஜா முடிவு கட்டிக்கொண்டாள். கேட்டதில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

இந்த நிலையில்தான் மாதவ் என்ற புது டைரக்டர் ஃபோன் செய்தார். தெலுங்கு வெப் சீரிஸ். பாலாநகரில் ஃபாக்டரி வாசலில் கேன்டீன் நடத்தும் தமிழ்ப் பெண்ணின் வேஷம்.

"டப்பிங் கிடையாது மேடம். செட்ல நீங்க பேசுறதுதான் சவுண்ட். உங்க குரல்தான் வேணும். ஒரு சீன் அனுப்பறேன், சனிக்கிழமை செகந்திராபாத் ஆபீசுக்கு வந்து பேசிக் காட்டுங்க."

ஃபோனை வைத்ததிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் நடித்த செட்டுகளில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்ததில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் உதவி டைரக்டர் நின்று ஒவ்வொரு வரியாகச் சத்தம்போட்டுச் சொல்வார். காதில் விழுந்ததைத் திருப்பிச் சொன்னால் போதும். எப்படியும் குரல் இன்னொருத்தியுடையதுதானே. அப்படியே பழகி, ஒரு வரிகூட மண்டையில் தங்காத கதிக்கு வந்திருந்தாள்.

பல் தேய்க்கும்போது வசனம், குக்கர் வைக்கும்போது வசனம். சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. "சாம்பார் நக்கோ, வேண்டாம். மோர் இருந்தா ஊத்து" என்று அப்பா தட்டை நகர்த்தினார். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்ததில் மாடித் தொட்டி வழிந்து, கீழ்வீட்டு ஃபாத்திமா காயப்போட்டிருந்த மெத்தை தொப்பலாக நனைந்தது.

"என்னாச்சுக்கா உங்களுக்கு?" என்றாள் ஃபாத்திமா.

"அதான் தெரியல" என்றாள் பத்மஜா. உண்மையாகவே தெரியவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போது எல்லா வரியும் சரியாக வந்தது. கேமரா முன் நின்றதும் ஒன்றுகூட இல்லை. மாதவ் "ஆக்‌ஷன்" என்றார். பத்மஜா காத்திருந்தாள். கேமராவுக்குப் பக்கத்திலிருந்து முதல் வரி வரும் என்று காது தானாகக் காத்திருந்தது. அங்கே யாரும் இல்லை. கண் கலங்கியது.

மாதவ் எழுந்தே விட்டார். "பிரமாதம் மேடம். என்ன ஒரு மௌனம். வசனத்தையெல்லாம் எடுத்துடறேன். கண்ணே போதும்."

பத்மஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"மௌனமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. மறந்துட்டேன் சார். கண்ணை வச்சுப் பதினஞ்சு வருஷம் பொழச்சாச்சு. வசனத்தை எடுத்தா வேற ஆளைப் பாருங்க."

அந்தக் கோபத்தோடு அவர் பக்கமே திரும்பிக் கேன்டீன்காரியின் வசனத்தைப் பேசினாள். "இது என் அடுப்பு. உங்க கேட் திறக்கறதுக்கு முன்னாடியே எரியுது. வேணும்னா நீங்க வந்து அணைங்க, நான் அணைக்க மாட்டேன்." நடுவில் ஒரு வரி விட்டுப்போனது, அவளே ஒன்றைப் போட்டு ஒட்டினாள். தெலுங்கு வார்த்தை ஒவ்வொன்றிலும் திருநெல்வேலி கேட்டது.

மாதவ் மெதுவாக உட்கார்ந்தார். "வசனம் இருக்கட்டும்" என்றார்.

வெப் சீரிஸ் வெளியான சாயங்காலம் பத்மஜாவால் உட்கார முடியவில்லை. டி.வி.யில் போட்டுவிட்டுச் சமையலறை வாசலில் நின்றாள். குரல் விஷயத்தை அப்பாவிடம் சொல்லியிருக்கவில்லை. திரையில் கேன்டீன் வந்தது, அவள் வந்தாள். அப்பாவின் கை வழக்கம்போல ரிமோட்டுக்குப் போனது. சத்தம் நின்றது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்பா, நான் வந்தா அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

குணசேகரன் திரும்பிப் பார்த்தார். "ஒன்ன யாரு சொன்னா? ஒம் மூஞ்சிய வச்சுக்கிட்டு எவளோ ஒருத்தி பேசுதா. அதைக் கேட்டா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

பத்மஜா வாசலை விட்டு முன்னால் வந்தாள். இத்தனை வருஷமும் இதுதானா?

"இதுல நாந்தாம்ப்பா பேசுதேன்."

அவர் அவளைப் பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார். சத்தத்தை வைத்தார். "நான் அணைக்க மாட்டேன்" என்றது டி.வி. அவர் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது.

கீழிருந்து ஃபாத்திமா, "அக்கா, கொஞ்சம் குறைச்சு வைங்க" என்று கூப்பிட்டாள்.

"இருக்கட்டும்மா. எம் மவ பேசுதா" என்றார் குணசேகரன்.