அம்மா பிய்த்தெறிந்த கண்கட்டு

ஆஸ்பத்திரிப் பஞ்சும் பிளாஸ்திரியும் கலந்த வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு அம்மாவின் இடது கண்தான் நினைவுக்கு வரும். எண்பதுகளில், ஈஜோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து 'லயத்தில்', தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருந்தோம். எனக்கு எட்டு வயது. மரத்தடியில் 'உதிரிப்பழம்' பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கையில் ஒருநாள் நாகம் கொத்திவிட்டது. அப்பா அதை அடித்துக் கொன்று, பிஸ்கட் டின்னில் அடைத்து, தோட்டத்து 'லோரியில்' அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்; டின்னைத் திறந்த தாதி போட்ட அலறலை லயத்தில் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள்.

விஷமுறிவு ஊசியில் அம்மா பிழைத்துக்கொண்டாள். ஆனால் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பாம்புக்கடிக்குப் பிறகு அபூர்வமாகச் சிலருக்கு இப்படி ஆகும், விஷத்தாலா ஊசியாலா என்று சொல்ல முடியாது, அநேகமாகச் சரியாகிவிடும் என்றாராம் டாக்டர். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகத் தெரியும் என்று இடது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டி அனுப்பினார்கள். அந்த 'அநேகமாக' என்ற சொல்லால் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவோ, நான் பள்ளிவிட்டு வரும் நேரம் பார்த்து அந்தக் கட்டைப் பிய்த்து எறிந்துவிடுவாள். "கொஞ்சம் தள்ளி நேரா நில்லுடி" என்று சொல்லி, வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். அப்பா கண்டுவிட்டால் ஒரே சத்தம்தான். "டாக்டரு கட்டச் சொன்னாருல்ல? கண்ணு போயிடுச்சுன்னா என்னா செய்வ? சொன்னா கேளு லா!"

"ஒரு அஞ்சு நிமிசங்க" என்று கெஞ்சுவாள்.

எனக்கானால் எரிச்சல், விளையாடப் போக வேண்டுமே! ஒருநாள் பொறுக்க மாட்டாமல், என்னத்தைத்தான் பார்க்கிறாய் என்று கத்திவிட்டேன்.

"ஒன் பக்கத்துல ராணியும் நிக்கிறாடி. எவ்ளோ வளந்துட்டா பாரு!"

ராணி என்னோடு பிறந்த இரட்டை. இரண்டு வருடங்களுக்கு முன் காய்ச்சலில் எங்களைவிட்டுப் போனவள். அதன்பிறகு நான் விளையாட அவசரப்படவில்லை; அம்மா போதும் என்கிறவரை அசையாமல் நின்றேன். சில நாள் சிரித்துக்கூட வைத்தேன், இரண்டு பேருக்குமாக.

ஆறேழு வாரம் கழித்து டாக்டர் விரலைக் காட்டிக் கேட்டபோது, "ஒண்ணுதான்" என்றாள் அம்மா. அப்பா அங்கேயே கைகூப்பிவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தாள். பிறகு என்னை இறுக்கிக்கொண்டு அழுதாள்.

"அதான் சரியாயிடுச்சே, இன்னும் ஏன் அழுவுற?" என்றார் அப்பா, பாவம்.

இன்று அந்த லயம் இல்லை. அங்கே வரிசை வரிசையாகப் புதுவீடுகள். அம்மாவும் போய் வெகுநாளாயிற்று. எட்டு வயதில் ராணி எப்படி இருந்தாள் என்று பார்த்தவள் அவள் ஒருத்திதான். நான் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை.