சவர்க்காரமாகப் போன கறித்தூள்

அமெரிக்காவில் ஒரு மனிதர் கடற்கரையில் உட்கார்ந்து மணலில் விரலால் கோடு இழுத்தாராம். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று கைபேசியில் வாசித்தேன். தந்தி அடிக்கிற புள்ளியையும் கோட்டையும் முதலில் மணலில் போட்டாராம். பிறகு நாலு விரலையும் அப்படியே கீழே இழுத்தாராம். புள்ளி மெல்லிய கோடாகிவிட்டது, கோடு தடித்த கோடாகிவிட்டது. சாமான்களின் முதுகில் இருக்கிற பார்கோடு அப்படித்தான் பிறந்ததாம். கடற்கரைக்குப் போனவர்கள் கடலை வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். இந்த மனுஷனுக்கு மட்டும் என்ன வந்தது என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அன்றைக்கு அவர் பாட்டுக்குப் படுத்துத் தூங்கியிருந்தால் என் அண்ணி இன்றைக்கு எங்கள் ஊர் மாத்தளையில் இருந்திருப்பார்.

அநியாயமாகப் பேசுகிறேன், எனக்கே தெரியும். பிழை அவருடையது இல்லை, என்னுடையது. ஆனால் செத்துப்போன வெள்ளைக்காரரைத் திட்டுவது சுலபம். அவர் திருப்பிப் பேசமாட்டார்.

நான் நகரத்தில் ஒரு சுப்பர்மார்க்கட்டில் கேஷியர். ஒன்பது வருஷமாக அதே கவுண்டர், அதே கண்ணாடித் துண்டு, அதற்குக் கீழே அதே சிவப்பு வெளிச்சம். நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கும். சாமானை எடுத்து வெளிச்சத்தில் காட்டினால் 'பீப்' என்று ஒரு சத்தம். சத்தம் வந்தால் கை அடுத்த சாமானுக்குப் போய்விடும். திரையைப் பார்க்க வேண்டும் என்றுதான் பழக்கினார்கள். வரிசை வாசல் வரைக்கும் நிற்கும்போது யார் பார்ப்பது? நாங்கள் எல்லோரும் காதால்தான் வேலை செய்தோம்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்த பிறகு ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் அவரும் மகளும், மறுபக்கம் நான் தனியாகவும் இருந்தோம். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அண்ணி ஐந்து வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். திரும்பி வந்த அன்றைக்கு அந்தப் பிள்ளை தாயை அடையாளம் தெரியாமல் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அண்ணி பெட்டியை அப்படியே வாசலில் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதார். "செத்தாலும் இனி போகமாட்டேன் புள்ள" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

போகாமல் இருப்பதற்கு அவரிடம் இருந்தது கறித்தூள் ஒன்றுதான். மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, கறுவாப்பட்டை, ரம்பை இலை எல்லாவற்றையும் கறுக்க வறுத்து இடித்தால், சும்மா சொல்லக் கூடாது, தெரு முழுக்க மணக்கும். அக்கம்பக்கத்தில் வாங்கினார்கள். ஆனால் அக்கம்பக்கத்தை வைத்து ஒரு வீடு ஓடாது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரி மாதத்துக்கு இரண்டு தரம் வந்து, பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தீர்களா என்று கேட்டுவிட்டுப் போவாள். "இந்தத் தூள் ஒரு கடையில ஏறிட்டா அவளுக்கு வாசலைக் காட்டிருவேன். ஏறலன்னா போகத்தான் வேணும்" என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்தான் எங்கள் மனேஜரிடம் கேட்டேன். அவர் சிங்களவர், கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அம்மன் கோயில் தேருக்கு ஊர் நிறைகிற மாதம், உள்ளூர்ச் சாமான்களை அடுக்கி வைக்க ராக்கையில் ஒரு தட்டு ஒதுக்கப்போவதாகச் சொன்னார். ஒரு மாதம் வைத்துப் பார்ப்பார்கள். மாத முடிவில் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கிற கணக்கைத் தலைமை அலுவலகம் பார்க்கும். விற்றிருந்தால் நிரந்தர இடம். பக்கட்டில் லேபலும் பார்கோடும் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

அன்றைக்கு நான் வேலை முடிந்து வந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி ஒரு கொப்பியும் பேனையுமாக வந்து நின்றார்.

"இந்தக் கோடு போடணும்ங்கிறாங்களே, அது எப்படி இருக்கணும் புள்ள?"

அந்த எண்ணைக் கொழும்புக்கு விண்ணப்பித்து எடுக்க வேண்டும் என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். பதிவு, படிவம், கடிதம் என்று சொல்லத் தொடங்கினால் ஒரு மணித்தியாலம் போகும். வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பக்கத்தில் நான் தேய்த்துக் குளிக்கிற பிள்ளைச் சவர்க்காரத்தின் உறை ஒன்று கிடந்தது. அதிலிருந்து கோடு இருந்த பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன்.

"இந்த மாதிரி, இந்த அளவுல, வெள்ளையில கறுப்பா இருக்கணும் அண்ணி. மத்தத அப்புறம் பேசுவோம்."

மாதிரி என்று நான் சொன்னேன். அண்ணி போட வேண்டிய கோடே அதுதான் என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கடையில் வேலை செய்கிற நாத்தனார் கையால் கொடுத்தது. அடுத்த நாளே லேபல் அடிக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அவர்களும் கோட்டை அப்படியே படம் பிடித்து ஒட்டி அடித்துவிட்டார்கள். நாளைக்குச் சொல்ல நினைத்ததை நான் மறந்தே போனேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட என்னை நானே கொஞ்சம் மன்னித்திருப்பேன். அடித்து வந்த லேபலை அண்ணி என்னிடம் கொண்டுவந்து காட்டினாரே! "சரியா இருக்கா பாரு புள்ள" என்றார். பார்த்தேன். கோட்டுக்குக் கீழே எண் 479 என்று தொடங்கியது. இலங்கையில் பதிந்த சாமான்களுக்கு வருகிற எண். அதைக் கண்டதும் என் கண் திருப்திப்பட்டுவிட்டது. மிச்ச எண்களைப் படிக்கவில்லை. எங்கே எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நல்லா இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டேன்.

தூள் தட்டில் ஏறியது. தேர்க்கூட்ட அவசரத்தில் சாமான் உள்ளே எடுக்கிறவர்களும் புத்தகத்தில் எழுதினார்களே தவிர வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கவில்லை. கவுண்டரில் காட்டினால் 'பீப்' என்றது, எங்களுக்கு அது போதும். சனம் வாங்கிக்கொண்டு போனது. கண்டியிலிருந்து வந்தவர்கள் நாலைந்து பக்கட்டாக எடுத்தார்கள். அண்ணி இரண்டு தரம் நிரப்பினார், மூன்றாம் தரமும் நிரப்பினார். மகளைக் கூட்டிக்கொண்டு வந்து தட்டின் முன்னால் நின்று, காலி இடத்தைக் காட்டிச் சிரித்தார். அந்த முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாதம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது ஒரு பெரியம்மா பில்லைப் பிடித்துக்கொண்டு என் கவுண்டருக்குத் திரும்பி வந்தார்.

"என்ன மக இது? எங்க வீட்டுல கிழவனும் கிழவியும்தான் இருக்கோம். மூணு பிள்ளைச் சவர்க்காரம்னு போட்டிருக்கீங்க. யாரைக் குளிப்பாட்ட?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அவர் பையைப் பார்த்தேன். சவர்க்காரம் இல்லை. மூன்று பக்கட் கறித்தூள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, ஒன்பது வருஷத்தில் முதல் தடவை போல, திரையைப் பார்த்தேன். பிள்ளைச் சவர்க்காரம் என்றது. இரண்டுக்கும் விலை ஒன்றுதான், அதனால்தான் இவ்வளவு நாளும் யாரும் கேட்கவில்லை.

மனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பின்பக்க அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். ஐயோ கடவுளே! தரையிலிருந்து கூரை வரைக்கும் பிள்ளைச் சவர்க்காரப் பெட்டி. மாத்தளையில் சவர்க்காரம் பறக்கிறது என்று நினைத்து, குறையக் குறையக் கம்ப்யூட்டர் தானாகவே கொழும்பிலிருந்து வரவழைத்திருக்கிறது. ஏன் இவ்வளவு வருகிறது என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாராம். கறித்தூளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். விற்றது பூச்சியம்.

அண்ணியைக் கூப்பிட்டார். சின்ன அறை, மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். எங்கள் உறவு அவருக்குத் தெரியும். இங்கே வேலை செய்கிற யாருக்காவது இதில் சம்பந்தம் இருந்தால் இன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சிங்களத்தில் முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு அண்ணியைப் பார்த்து, இந்தக் கோட்டை யார் கொடுத்தது என்று கேட்டார்.

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் போட்டேன் சேர். ஒரு சவர்க்கார உறையில இருந்து எடுத்தேன். தெரியாம செஞ்சிட்டேன்" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வேலை போனால் என்ன செய்வது என்று மட்டும்தான் என் மண்டையில் ஓடியது. வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடேயே சும்மா நின்றேன்.

சவர்க்காரக் கதையை மேலே எழுதினால் தன் தலையும் உருளும் என்று மனேஜருக்குப் பயம். கணக்கை இருந்தபடியே அனுப்பிவிட்டார். ஒரு கிழமையில் கடிதம் வந்தது. விற்பனை எதுவும் பதிவாகாதபடியால் இடம் ஒதுக்க முடியாது என்று தமிழிலும் சிங்களத்திலும் இருந்தது. அண்ணி வாசித்துவிட்டு மடித்து அலுமாரியில் வைத்தார். என்னிடம் ஒரு சுடுசொல் இல்லை. அடுத்த தடவை ஏஜென்சிக்காரி வந்தபோது தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்தார்.

அண்ணி மறுபடியும் வெளிநாட்டுக்குப் போன பிறகு வந்த ஒரு போயா விடுமுறையில், பௌர்ணமி நாளில்தான் அந்தக் கடற்கரைக் கதையை எல்லாம் வாசித்தேன். கவுண்டரில் வரிசை நகரமாட்டேன் என்கிறதே, ஏதாவது வழி சொல்லுங்கள் என்று ஒரு கடை முதலாளி கல்லூரிக்குப் போய்க் கெஞ்சினாராம். கல்லூரிப் பெரியவர் முடியாது என்று விட்டாராம். அதை ஒட்டுக்கேட்ட மாணவர் ஒருவர் தன் கூட்டாளியிடம் போய்ச் சொல்ல, அந்தக் கூட்டாளிதான் மணலில் கோடு இழுத்தவர். அந்தக் கோட்டை வட்டம் வட்டமாக வளைத்தும் போட்டுப் பார்த்தார்களாம். அதை வாசிக்கிற வெளிச்சமும் கம்ப்யூட்டரும் வந்து சேரக் கால் நூற்றாண்டு காத்திருந்தார்களாம். கடைசியில் ஒரு கடையில் முதன்முதலாக வெளிச்சத்தில் காட்டிய சாமான் என்ன தெரியுமா? சூயிங்கம்! இத்தனை பாடும் பட்டு, மென்று துப்புகிற சாமானுக்கு. பக்கட்டில் விலை எழுதாமல் கோடு மட்டும் போட்டால் எங்களை ஏமாற்றுவீர்கள் என்று அந்த ஊர்ச் சனம் சண்டையும் பிடித்ததாம். நல்ல சனம். கோட்டை நம்பாமல் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்கள்.

எனக்கு அதில் ஒரு விஷயம்தான் மனசில் நின்றது. அந்தக் கோட்டில் சாமான் இல்லை, ருசி இல்லை, செய்த ஆளும் இல்லை. வெறும் எண்தான் இருக்கிறது. அந்த எண் யாருடையது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் கடையில் அந்த ஆள் நான்தான்.

இப்போது அண்ணியின் மகள் என்னோடு இருக்கிறாள். பதினான்கு வயது. வெள்ளிக்கிழமைகளில் தாயோடு போனில் பேசுவாள், மற்ற நாட்களில் அதிகம் பேசமாட்டாள். சென்ற மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் சோறு போட்டுக் கொடுத்தேன். பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அத்தை, அம்மாவோட தூள் நல்லா இல்லையா?"

"ஏன் அப்படிக் கேக்கிற?"

"அலுமாரியில கடிதத்தைப் பாத்தேன். ஒண்ணுகூட விக்கலைன்னு இருக்கு. கடையில காலித் தட்டைக் காட்டிச் சிரிச்சாங்களே, அது சும்மா எனக்காகவா?"

இத்தனை மாதமும் அந்தப் பிள்ளை இதைத்தான் மனசில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறது, தாய்க்கு ஒரு தூள்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை என்று. இதற்கும் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை.

"எல்லாம் வித்துப்போச்சு புள்ள. ஒரு பக்கட் மிச்சமில்ல. நான்தான் கெடுத்தேன்" என்றேன். சவர்க்கார உறையிலிருந்து மனேஜர் அறை வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல, அத்தை?"

"வேலை போயிரும்னு பயந்துட்டேன்."

விரல்களில் ஒட்டியிருந்த சோற்றைத் தட்டின் ஓரத்தில் வழித்தாள்.

"அம்மாவுக்கும் அது வேலைதானே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு சந்தேகத்தைக் கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.