வளைந்த கல்

எல்வியோ பாய்னேஃபில் வேலை முடிந்து கிளம்பும்போது உலையிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். பத்தொன்பது வருடமாக பரிலோச்சே நகரில் அந்த ஆய்வுக்கூடத்தின் தரையைத் துடைக்கிறேன். மனிதர் யாரிடமும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

படிகக் கல் வளர்ப்பது அவர் வேலை. பொடிகளை வெள்ளீயத்தோடு குழாயில் அடைத்து, உலையில் உருக்கி, மணிக்கு இரண்டு டிகிரியாக மூன்று வாரம் ஆறவிடுவார். உருகிய வெள்ளீயத்துக்குள் மிளகளவு கற்கள் விளையும். வெள்ளீயத்தை வடித்து, அமிலத்தில் கழுவி, கல்லை மாடிக்கு அனுப்புவார். அங்கே அதைக் கடுங்குளிரில் வைத்து, மின்சாரம் எப்படி ஓடுகிறதென்று பார்ப்பார்கள். கட்டுரைகளில் மாடிக்காரர்களின் பெயர் வரும்.

"அடுப்புக்குக் காவல் இருக்கறவனோட எனக்கென்ன குடித்தனம்" என்று சொல்லி மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு நேவ்கேன் நகருக்குப் போய்விட்டாளாம். இதை அவரே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார்.

போன ஜூனில் ஒரு கல்லில் மின்தடை சட்டென்று பூச்சியமானது. அந்த வகைக் கல்லில் அப்படி யாரும் இதுவரை கண்டதில்லையாம். மாடிக்காரர்களுக்குத் தலைவியான டாக்டர் மிர்த்தா படியில் ஓடி இறங்கி வந்தார்.

"எல்வியோ, வெள்ளீயம் சுத்தமாப் போயிடுச்சா? அந்தக் குளிர்ல வெறும் வெள்ளீயமே இந்த வேலையைக் காட்டும்."

"ரெண்டு தடவை கழுவினேன், டாக்டர்."

மூன்று மாதம் அளந்து கட்டுரை எழுதி முடித்த வெள்ளிக்கிழமை மதியம், மாடிக்கு எம்பனாடா பலகாரமும் ஒயினும் வந்தன. எல்வியோவையும் மேசையில் உட்கார வைத்தார்கள்.

"கட்டுரைல உங்க பேரும் வருது. மூணாவது பேரு," என்றார் மிர்த்தா.

"பாத்து, எல்வியோ! சந்தோஷத்துல ஒயினை உலைல ஊத்திடாதீங்க," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், தட்டில் இருந்ததைத் தொடவில்லை.

பெயர் இருந்த முதல் பக்கத்தை அச்செடுத்துக் கீழே கொண்டுவந்தார். மகளுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். ஆறு வருடமாக அவள் போனை எடுப்பதில்லை. கூடவே, அந்தக் குழாயில் விளைந்து மிச்சமிருந்த கல்லில் ஒரு துண்டையும் வைக்க நினைத்து, கத்தியால் இரண்டாக்கப் பார்த்தார்.

அந்த மாதிரிக் கல் பட்டென்று உடையும். இது வளைந்தது.

"ஸுலேமா, கொஞ்சம் வாங்க. நடுவுல பளபளன்னு ஏதாவது தெரியுதா? இல்ல, என் கண்ணுதானா?"

தலைமுடியை விட மெல்லிய வெள்ளிக் கோடு தெரிந்தது.

"தெரியுது, எல்வியோ ஐயா."

"அப்ப போச்சு. வெள்ளீயம் உள்ளயே மாட்டிக்கிட்டிருக்கு. மேல கழுவி என்ன பிரயோஜனம்?"

எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. அன்று வந்தது. "நாம ரெண்டு பேர்தான் பாத்தோம். இந்தக் கல்லைக் குப்பையோட எடுத்துப் போட்டுடறேன். பக்கத்தை அனுப்புங்க."

அவர் அந்தத் தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். "வேற ஊர்ல எவனாவது செஞ்சு பாப்பான். அப்ப டாக்டரம்மாதான் தலைகுனியணும்," என்றார்.

திங்கட்கிழமை வளைந்த கல்லை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் வாளியோடு படியில் நின்றிருந்தேன்.

"இதை ஏன் முதல்லயே உடைச்சுப் பாக்கல?" மிர்த்தாவின் குரல்.

"கழுவியாச்சான்னு கேட்டீங்க. கழுவியிருந்தேன்."

"மூணு மாசம், எல்வியோ."

"ஆமா, டாக்டர்."

அவர் இறங்கி வந்து என்னைத் தாண்டிப் போய், உலையறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கட்டுரை வெளியாகவில்லை. வெள்ளீயம் சிக்காத கற்களை வளர்த்துக் கொடுத்தார். அவற்றில் மின்தடை குறையவே இல்லை. மிர்த்தா நடைவழியில் அவருக்கு வணக்கம் சொல்கிறார், நிற்பதில்லை. மகளுக்கு எதுவும் போகவில்லை. அவர் உலையறையில் தனியாகச் சாப்பிடுகிறார். நான் பக்கத்துச் சாமான் அறையில் சாப்பிடுகிறேன்.