மூன்று கரண்டி அப்பச்சோடா

கல்பிட்டியில் காற்றுக் காலம். மணல் வராமலிருக்க ஜன்னல்களைப் பூட்டியே வைத்திருந்தேன். கட்டாரிலிருக்கும் கணவர் ஆசையாக வளர்த்த கடல்மீன் தொட்டியில், தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு நாளுக்கு நாள் இறங்கியது. பயத்தில், அதை உயர்த்த மூன்று கரண்டி அப்பச்சோடாவை ஒரேயடியாகக் கொட்டிவிட்டேன். சற்று நேரத்தில் தொட்டியிலிருந்த இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்து தவித்தன. பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தேன்.

அலங்கார மீன் ஏற்றுமதியில் வேலை செய்யும் அந்த வீட்டு ராத்தா, எனக்கு அக்கா மாதிரி, ஓடி வந்தார்.

"இனி ஒண்டும் போடாதீங்க! ஜன்னலத் திறங்க. வீட்டுக்குள்ள மூச்சுக் காத்து அடைபட்டு, தண்ணியில கரைஞ்சுதான் பிஎச் இறங்கியிருக்கு."

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். ஒரு மீன் பிழைத்தது. மற்றது செத்து மிதந்தது.

மாலையில் கணவர் அழைத்தார். தானாகச் செத்தது என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை.

"நான்தான் பயத்துல சோடாவக் கொட்டினேன்."

 "மத்தது சாப்பிடுதா?" என்றார்.

இப்போதெல்லாம் பயம் வந்தால், கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் நிற்கிறேன்.